பாவக்கூண்டுக்குப் பலகை அடித்தவர்

மரத்தாலான அந்த மாதா கோயிலைக் கட்டியவர்கள் படகுத் தச்சர்கள். வீடு கட்டிப் பழக்கமில்லை. பெரிய படகு ஒன்றைச் செய்து, அதைக் கவிழ்த்துச் சுவர்மேல் வைத்துவிட்டு, கூரை முடிந்தது என்று கையை உதறிக்கொண்டு போய்விட்டார்கள். இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகியதில்லை; அந்த மட்டில் குறை சொல்ல வாயில்லை. ஆனால் ஒருவர் தும்மினால் கோயிலே தும்மும்.

கோயிலின் இப்போதைய தச்சருக்கு மரங்கொத்தி என்று பட்டப்பெயர். கல்யாணமான புதிதில் பிரசங்க மேடையில் ஒரு சம்மனசை, இறக்கை வைத்த வானதூதரை, செதுக்கினார். யார் முகம் என்று ஊர் கேட்டது. "என் வீட்டுக்காரி முகம்தான்" என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தார். அன்றிலிருந்து சனிக்கிழமை தவறாமல் அவர் மனைவி அந்த முகத்தைத் துடைக்கிறாள். உண்மை தெரிந்தால் வீட்டுக்குள் சேர்ப்பாளோ மாட்டாளோ என்ற பயம் இவரைத் தலை நரைத்த பிறகும் விடவில்லை.

புதிதாக வந்த சாமியாருக்கு வேறு கவலை. சனங்கள் தங்கள் பாவத்தைச் சாமியாரிடம் ரகசியமாகச் சொல்லும் பாவசங்கீர்த்தனக் கூண்டின் பலகை மெல்லியது. அதையொட்டிய பெஞ்சில் மட்டும் எந்நேரமும் கூட்டம்; அதைப் பக்தி என்று நம்ப அவர் ஏமாளி இல்லை. தச்சரைக் கூப்பிட்டார். தச்சர் இரட்டைப் பலகை அடித்து, நடுவே மரத்தூளைத் திணித்து, சந்துபொந்தெல்லாம் அடைத்தார்.

"இனி உள்ள இடி இடிச்சாலும் வெளிய கேக்காது சாமி."

"பாத்துடுவோம். உங்க வீட்டம்மா பெஞ்சுல உக்காரட்டும். நீங்க உள்ள வந்து ஏதாவது பேசுங்க."

ஏதாவது என்றால் மழையைப் பற்றிப் பேசியிருக்கலாம். தன் வேலைமேல் மனுஷனுக்கு அவ்வளவு நம்பிக்கை. முட்டி போட்டதும் நெஞ்சில் கிடந்தது வெளியே வந்துவிட்டது.

"சாமி, அந்தச் சம்மனசு என் பொண்டாட்டி இல்ல. சோப்பு உறையில இருந்த பொண்ணு. பாத்து செதுக்கிட்டேன்."

சொன்னதும் உடம்பே லேசானது. வெளியே வந்தால் பெஞ்சு காலி. மனைவி கோயிலின் மறுகோடியில், பிரசங்க மேடையருகே, கையில் துணியோடு நின்றிருந்தாள். கூண்டின் தலை திறந்தே கிடந்தது யாருக்கும் உறைக்கவில்லை. பேச்சு மேலே ஏறி, கவிழ்ந்த படகின் வளைவோடு ஓடி, அவள் காதில் போய் இறங்கியிருந்தது.

"பெஞ்சுல ஒண்ணும் கேக்கலைங்க. சும்மா உக்காருவானேன்னு இதத் துடைக்க வந்தேன். இங்க நல்லா கேக்குது."

தச்சர் தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார்.

"அந்த சோப்ப வாங்கினதே நான்தானே. எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் எதுக்கு இத்தன வருஷமா துடைக்கற?"

"நீங்க ஊரறிய என் முகம்னு சொன்னீங்க. எனக்குப் பிடிச்சிருந்துச்சு." துணியை உதறி மடித்தாள். "சாமி யார்கிட்டயும் சொல்ல மாட்டார். நீங்க உளறாம இருந்தா போதும். போய் அந்தக் கூண்டுக்கு மூடி போடுங்க, ஆளுங்க வர்ற நேரமாச்சு."