முதுகு சாய ஒரு சோபா

யோகராணி மாமி ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் சுவரைப் பார்ப்பதில்லை. நிலத்தைத்தான் பார்ப்பார். பலகை எந்த இடத்தில் தேய்ந்து மங்கியிருக்கிறது, எந்த மூலையில் தூசி குலையாமல் கிடக்கிறது, வாசலில் சப்பாத்துகள் எந்தப் பக்கம் பார்த்துக் கிடக்கின்றன என்று ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்காரருக்கு வணக்கம் சொல்வார். “ஆக்கள் தங்கட ஆசையைத்தான் சொல்லுவினம். காலடியைப் பாத்தாத்தான் உண்மை தெரியும்” என்பது அவருடைய தொழில் நம்பிக்கை. அந்த நம்பிக்கை ஒருமுறை அவரைக் கவிழ்த்தது. நான் அப்போது கூட இருந்தேன்.

நாடு நாடாகச் சுற்றிவிட்டு மொன்றியலுக்குத் திரும்பி, சென்ட் லோரன்டில் மாமி வீட்டில் பெட்டியை முழுதாக அவிழ்க்காமல் தங்கியிருந்த காலம் அது. மாமிக்குக் கார் ஓட்டப் பிடிக்காது. எனக்குச் சும்மா இருக்கப் பிடிக்காது. அதனால் நான் ஓட்டுநரானேன்.

மாமி இந்த ஊருக்கு வந்து முதலில் சேர்ந்தது சமையலறை அலுமாரிகள் செய்யும் ஒரு தொழிற்சாலையில். பலகை தேய்க்கும் பகுதியில் தொடங்கி, பிள்ளையைக் கார்டெரி என்ற பகல் காப்பகத்தில் விட்ட வருடங்களில் மாலை வகுப்புக்குப் போய், வீட்டு உள்ளமைப்புத் திட்டமிடலைப் பிரெஞ்சில் படித்து, அதே தொழிற்சாலையில் படம் கீறும் மேசைக்கு ஏறினார். அந்த மேசையிலிருந்து எத்தனையோ வீடுகளின் குசினிகளைக் கீறினார். ஒன்றிலும் அவர் பெயர் இல்லை. அதற்கு முந்திய மாரியில் வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் தொடங்கினார். முதல் சில மாதங்களில் கிடைத்தவை இரண்டு குளியலறைகளும் ஒரு சாமி அறையும்தான். பழைய முதலாளி நல்லவர். செப்டெம்பர் வரை மேசை காலியாக இருக்கும், விரும்பினால் திரும்பி வரலாம் என்று சொல்லியிருந்தார். அந்த அன்பைத்தான் மாமியால் தாங்க முடியவில்லை.

அந்த நேரத்தில் முழு வீடு ஒன்று வந்தது. எலிசா என்ற கொரியப் பெண்ணின் குசினியை மாமி தொழிற்சாலைக் காலத்தில் கீறியிருந்தார். எலிசாவின் பெற்றோர் சென்ட் மிஷேலில் தெப்பனர் என்ற மூலைக்கடை நடத்தியவர்கள். பாலும் பியரும் லொத்தர் சீட்டும் விற்று, கடைக்கு மேலேயே இருபது வருடத்துக்கு மேல் குடியிருந்துவிட்டு, இப்போது கடையை விற்றுக் கர்க்லாண்டில் ஒரு பழைய வீடு வாங்கியிருந்தார்கள். உள்ளே எல்லாவற்றையும் இடித்துத் தங்களுக்கு ஏற்றபடி அமைக்க வேண்டும். இந்த வீடு நன்றாக அமைந்தால் அவர்களுடைய தேவாலயத்து ஆட்களும் மாமியிடம் வருவார்கள். அமையாவிட்டால் செப்டெம்பரில் அந்த மேசைக்குத் திரும்ப வேண்டியதுதான்.

“நீ கொரியாவில இருந்தனீ தானே, சாருஜா” என்றார் மாமி. “வா. எனக்குத் தெரியாதது இருந்தாச் சொல்லு.”

கடைக்கு மேலே இருந்த வீட்டுக்குப் போனோம். வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினோம். எலிசாவின் அம்மா சுன் ஹீ, சிறிய உருவம், வேகமான கைகள். அப்பா ஹான், சோபாவின் முன்னால் நிலத்தில் காலை நீட்டி இருந்து உள்ளிப்பூண்டு உரித்தபடி தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். சோபா முழுக்கத் தோய்த்து மடித்த உடுப்பு. நிலத்தில் ஒரு மின்சாரச் சூட்டு விரிப்பு, அதற்கு மேல் மெல்லிய மெத்தை. சுன் ஹீ காலுயரம் குறைந்த கட்டை மேசையை இழுத்து வைத்துப் பேரிக்காய் வெட்டினார். நாங்களும் நிலத்திலேயே இருந்தோம். சுவரோரச் சூடாக்கிகள் அத்தனையும் அணைந்து கிடந்தன.

மாமிக்குப் பிடிபடாத சந்தோஷம். “எங்கட ஆக்கள் மாதிரியே” என்று என் காதுக்குள் சொன்னார். “செற்றியில இருக்கிறது உடுப்பு. மனிசர் இருக்கிறது நிலத்தில.” சோபாவை மாமி தமிழில் எப்போதும் செற்றி என்றுதான் சொல்வார்.

மாமியும் சுன் ஹீயும் பேசிக்கொண்டது பிரெஞ்சில். ஒருவர் தொழிற்சாலையில் கற்றது, மற்றவர் கல்லாவில் இருந்து கற்றது. இரண்டிலும் இலக்கணம் குறைவு. ஆனால் ஒருவரை ஒருவர் நன்றாகப் புரிந்துகொண்டார்கள்.

மாமி பல நாட்கள் இருந்து படம் கீறினார். பிறகு கர்க்லாண்டில் அந்த வெறும் வீட்டின் நடுவில் பெட்டிகளை அடுக்கி மேசையாக்கி விரித்தார். வாசலில் ஒரு படி இறங்கிய டைல்ஸ் தரை. ஸ்னோவோடு வரும் சப்பாத்துகள் அங்கேயே நிற்கும். அதற்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு இழுவைக் கதவு. குளிரும் சேறும் உள்ளே வராது. சுன் ஹீ தலையாட்டினார். குசினிக்குப் பின்னால் கதவு பூட்டக்கூடிய ஒரு சிறிய அறை. கிம்ச்சிக்கென்று தனிப் பிரிட்ஜும், மீன் பொரிக்க ஒரு அடுப்பும் அங்கே. சுன் ஹீ விரலால் அந்த அறையைச் சுற்றிச் சுற்றி வந்தார். குளியலறையில் நிலத்திலேயே தண்ணீர் ஓடும் துவாரம், வாளியால் அள்ளி ஊற்றிக் கழுவலாம். “இங்கே ஒருவரும் இதைச் செய்து தருவதில்லை” என்றார்.

கடைசியாக வரவேற்பறை. மாமியின் பெருமை முழுக்க அதில்தான். சுவருக்குச் சுவர் நிலத்துக்குக் கீழே சூட்டு வயர். யன்னலோரம் ஒரு தாழ்ந்த மேடை. கட்டை மேசையையும் மெத்தைகளையும் வைக்கச் சுவருக்குள் அலுமாரி. மற்றபடி வெறும் நிலம்.

சுன் ஹீ நெடுநேரம் பார்த்தார்.

“சோபா எங்கே?”

“நீங்கள் அதில் இருப்பதில்லையே” என்றார் மாமி. “உடுப்புத்தானே இருந்தது. அதனால் எடுத்துவிட்டேன். முழு நிலமும் உங்களுக்கு.”

“கடையில் இத்தனை வருடம் ஸ்டூலில் இருந்தேன்” என்றார் சுன் ஹீ. “மேல் வீட்டுக்கு நான் ஒருவரையும் கூப்பிட்டதில்லை. இந்த வீட்டுக்கு வருவார்கள். வந்தவர்களை நிலத்தில் இருங்கள் என்று நான் சொல்ல வேண்டுமா?”

“அம்மா, நீங்கள் எப்போதும் நிலத்தில்தானே” என்று எலிசா தொடங்கினாள். சுன் ஹீ கொரிய மொழியில் ஏதோ சொன்னார். சுன் ஹீ படத்தை அழகாக, மூலைக்கு மூலை பொருந்த மடித்து மாமியிடம் திருப்பிக் கொடுத்தார். மெர்சி என்றார். கடையில் மிச்சக் காசைக் கொடுத்துச் சொல்கிற அதே மெர்சி.

காரில் ஏறியதும் மாமி கேட்டார். “என்ன சொன்னவ?”

என்னுடைய கொரிய மொழி சந்தையில் பேரம் பேசுவதற்குத்தான் காணும். இருந்தாலும் அது விளங்கியிருந்தது. “இந்த மனிசி எங்களை ஏழைகள் எண்டு நினைக்கிறா எண்டு சொன்னவ, மாமி.”

மாமி மடித்த படத்தைப் பின் இருக்கையில் போட்டார்.

வீட்டில் இரவிச்சந்திரன் மாமா மருந்துத் தொழிற்சாலையில் காலை வேலை முடித்து வந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கதையைக் கேட்டார். பிறகு தங்கள் வரவேற்பறையைத் திரும்பிப் பார்த்தார். அங்கே பால் நிறத்தில் ஒரு சோபா இருக்கிறது. அதன் மேல் எப்போதும் ஒரு படுக்கை விரிப்பு மூடியிருக்கும். ஆட்கள் வருகிறார்கள் என்றால் மட்டும் விரிப்பு ஓடி ஒளியும்.

“எங்கட வீட்டுக்கு ஒருத்தி வந்து, உங்களுக்குச் செற்றி தேவையில்லை, பாயில இருங்கோ எண்டு படம் கீறித் தந்தா, நீ தேத்தண்ணி குடுத்து அனுப்புவியே?”

“நான் பாய் எண்டு சொல்லேல்லை.”

“சொல்லாட்டிலும் அதுதானே.”

“அப்ப என்ன, எல்லாரையும் போல யன்னலுக்கு நேரை ஒரு பெரிய செற்றி, நடுவில ஒரு கண்ணாடி மேசை. உதுக்கு நான் எதுக்கு? கடைக்காரனே போட்டுக் குடுப்பான்.”

“கேட்டதைக் குடுக்கிறதும் ஒரு வேலைதான். அந்த மனிசி இருவது வருசம் கடையில வேற என்ன செய்தவ?”

மாமிக்கு அது சுட்டது. எழும்பிப் போய்க் குசினியில் பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவினார்.

மறுநாள் எலிசா தொலைபேசியில் பேசினாள். அம்மா வேறு யாரையாவது பார்க்கலாம் என்கிறார், ஞாயிற்றுக்கிழமை முடிவு சொல்வார், மன்னிக்க வேண்டும். “சரி. ஆனால் அதற்கு முன்னால் உன் அம்மாவை நான் ஒரு சோபாக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். வீட்டை யார் செய்தாலும் சோபாவை நான் எடுத்துக் கொடுக்கிறேன்” என்று மாமி பிரெஞ்சில் சொல்லிவிட்டு, தொலைபேசியை வைத்து என்னிடம் தமிழில் சொன்னார். “பேந்து என்னெண்டாலும் செய்யட்டும். ஏழை எண்டு நினைச்சனான் எண்ட கதையோட மட்டும் விட ஏலாது.”

சனிக்கிழமை சுன் ஹீயும் மாமியும் நானுமாக மூன்று பேரும் போனோம். பெரிய கடை, விமான நிலையம் போல நீண்டு கிடந்தது. சுன் ஹீ தேவாலயத்துக்குப் போகும் கோட்டு அணிந்து, கைப்பையை மடியில் வைத்து, ஒவ்வொரு சோபாவிலும் முதுகை நிமிர்த்தி விளிம்பில் இருந்தார். ஒவ்வொன்றுக்கும் “நல்லது” என்றார். விற்பனையாளன் ஒரு கியூபெக் இளைஞன், ஒவ்வொரு நல்லதுக்கும் முகம் மலர்ந்து அடுத்ததற்குக் கூட்டிப்போனான். எதுவும் பிடிக்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

மாமியும் அவனும் துணி மாதிரிகளைப் புரட்டப் போனார்கள். நான் சற்றுத் தள்ளி நின்றேன். சுன் ஹீ களைத்துவிட்டார். சுற்றுமுற்றும் பார்த்தார். கைப்பையைச் சோபாவின் மேல் வைத்தார். வழுக்கியபடி கீழே இறங்கினார். கம்பளத்தில் கால்களை நீட்டி, சோபாவின் முன்பக்கத்தில் முதுகைச் சாய்த்து, பின் தலையை இருக்கையின் விளிம்பில் வைத்துக் கண்ணை மூடினார்.

விற்பனையாளன் ஓடி வந்தான். “மதாம், சா வா, ஒன்றும் இல்லையே? தண்ணீர் கொண்டுவரவா? நெஞ்சு வலிக்கிறதா?”

மாமி பின்னால் வந்தார். ஓடவில்லை. கொஞ்சம் தள்ளி நின்று சுன் ஹீயைப் பார்த்தபடியே இருந்தார். ஹான் அன்று உள்ளி உரித்துக்கொண்டிருந்த இடம் எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. மாமிக்கும் அதுதான் வந்திருக்க வேண்டும். அறை பெரிதாக இருந்தும் அவர் நடுவில் இருக்கவில்லை. சோபாவோடு ஒட்டித்தான் இருந்தார்.

மாமி தன் கோட்டைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, சுன் ஹீக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். அவரும் சாய்ந்தார்.

“வீட்டுச் சோபாவிலும் இப்படித்தானா?”

சுன் ஹீ கண்ணைத் திறந்தார். “சோபா வேறு எதற்கு?”

“விருந்தாளிகள் வந்தால்?”

“முதலில் மேலே. மரியாதை. பிறகு கீழே.” இதைக்கூடவா சொல்ல வேண்டும் என்பது போலப் பார்த்தார். பிறகு முதுகை அசைத்து முகத்தைச் சுளித்தார். “இது சரியில்லை. முன்பக்கம் மெத்தென்று உள்ளே போகிறது.”

“ஓம்” என்றார் மாமி, தமிழிலேயே.

அதற்குப் பிறகுதான் உண்மையில் சோபா பார்த்தோம். இரண்டு பெண்களும் கடை முழுக்க நிலத்தில் இருந்து எழும்பி, இருந்து எழும்பிப் போனார்கள். உயரக் கால் வைத்தது வேண்டாம், இடுப்பு அடியில் போகிறது. தோல் வேண்டாம், முதுகு வழுக்குகிறது. இது தாழ்வு, தலை பின்னுக்கு விழுகிறது. விற்பனையாளன் தண்ணீர்க் குவளையுடன் கொஞ்சநேரம் திகைத்து நின்றான். பிறகு அவனும் இறங்கி ஒன்றில் சாய்ந்து பார்த்து, “உண்மைதான், இது நன்றாக இருக்கிறது” என்றான். மாமி பையிலிருந்து அளவு நாடாவை எடுத்து, நிலத்திலிருந்து சுன் ஹீயின் தோள் வரை அளந்தார். கண் வரை அளந்தார். சுன் ஹீ பள்ளிக்கூடப் பிள்ளை போல ஆடாமல் இருந்தார்.

அன்றிரவே வரவேற்பறையை மறுபடி கீறினார். இந்த முறை முதலில் கீறியது சோபாவை. அடி முழுதாக மூடிய, முன்பக்கம் கெட்டியான சோபா. அதற்குக் கீழே வயர் போடக்கூடாது, சூடு அடைபட்டு வயர் கெட்டுவிடும். ஆகவே சோபாவின் காலடியிலிருந்துதான் சூடு தொடங்கும். நிலத்தில் இருப்பவரின் கண்ணுக்கு நேராகத் தொலைக்காட்சி இறங்கியது. கை எட்டும் இடத்தில் மின்செருகி. மேடை போய்விட்டது. அது தனக்குத்தான் பிடித்திருந்தது என்று மாமி சொன்னார். படத்தை இரவோடிரவாக எலிசாவுக்கு அனுப்பினார்.

ஞாயிறு மத்தியானம் எலிசாவின் செய்தி வந்தது. அம்மா கேட்கிறார், எப்போது இடிக்கத் தொடங்குவது?

செப்டெம்பரில் பழைய முதலாளி அழைத்தபோது மாமி கர்க்லாண்டில் வயர்க்காரனோடு நின்றார். மேசையை யாருக்காவது கொடுக்கச் சொன்னார். இரண்டு முறை நன்றி சொன்னார். பிறகு வயர்க்காரனைத் தேவையில்லாமல் ஏசினார்.

முதல் ஸ்னோ விழுந்த வாரத்தில் புது வீட்டுக்குக் குடிபூரல். சுன் ஹீ அதற்கு வேறு பெயர் சொன்னார். மாமிக்கு அது குடிபூரல்தான். வாசல் பள்ளம் நிறையச் சப்பாத்துகள். தேவாலயத்து ஆட்கள் சோபாவில் வரிசையாக, முழங்காலில் கை வைத்து, நிமிர்ந்து இருந்தார்கள். சுன் ஹீ குசினி வாசலில் நின்று அந்த வரிசையை ஒருமுறை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை பார்த்தார். அவ்வளவு நேரம் அவர் அசையாமல் நின்று நான் கண்டதில்லை.

பிறகு கட்டை மேசையில் பழங்கள் வந்தன. ஒரு முதியவர் கீழே இறங்கினார். அவருடைய மனைவி இறங்கினார். கொஞ்சநேரத்தில் சோபாவில் மிஞ்சியது பட்டுச் சேலையோடு மாமியும், பக்கத்தில் மாமாவும்தான். மாமாவும் இறங்கிவிட்டார்.

“இறங்கன்” என்றார் மாமா. “இன்னும் என்ன மகாராணி மாதிரி மேல?”

“சேலை கசங்கும்.”

“அப்ப அங்கையே இரு. உடுப்பு இருக்கிற இடம்தானே.”

சுற்றிலும் யாருக்கும் தமிழ் தெரியாது என்ற துணிவில் மாமி அவருக்கு ஒன்று சொல்லிவிட்டு இறங்கினார். சாய்ந்தார். உள்ளங்கையால் நிலத்தைத் தடவிப் பார்த்தார். முகம் மாறியது.

“இடுப்படிக்குச் சூடு வரேல்லை, சாருஜா. வயர் இன்னும் ஒரு சாண் கிட்ட வந்திருக்க வேணும்.”

“ஒருத்தரும் கவனிக்க மாட்டினம், மாமி.”

“எனக்குத் தெரியுதே.”

மறுபக்கம் இருந்த ஒரு கொரிய அம்மா, நீட்டிய காலை ஆட்டியபடி, தானும் ஒரு வீட்டைத் திருத்தப் போவதாகவும் நீங்கள்தானா சுன் ஹீக்கு இதைச் செய்தீர்கள் என்றும் கேட்டார். மாமி வயரை மறந்து அவர் பக்கம் திரும்பினார்.

“உங்கள் வீட்டில் நீங்கள் எங்கே இருப்பீர்கள்?”

“சோபாவில்தான்” என்றார் அந்த அம்மா, நிலத்தில் இருந்தபடி, ஒரு துண்டுப் பேரிக்காயை எடுத்துக்கொண்டே.

மாமி கைப்பைக்குள் அளவு நாடாவைத் தேடினார்.