பெரியம்மாவை நாற்காலியில் கட்டியவர்கள்

அது ஒரு வெளிர்நீலத் துண்டு. பெரியம்மாவின் இடுப்பைச் சுற்றிக் கொண்டுவந்து, பிளாஸ்டிக் நாற்காலியின் முதுகுப்புறத்தில் இரண்டு முடிச்சாகப் போட்டிருந்தார்கள். அவர் கைக்கு எட்டாத இடம் பார்த்துப் போட்ட முடிச்சு. புதன்கிழமை, காலை பதினொரு மணி. நான் வேலை பார்த்த மோட்டார் கம்பெனியில் மின்தடை என்று எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை மாலை மட்டும் போகிறவள், வழியில்தானே இருக்கிறது என்று அந்த இல்லத்துக்குள் நுழைந்தேன். மறதி நோய் வந்த முதியவர்களுக்கென்றே நடத்தப்படும் இல்லம் அது. வாசலில் வாட்ச்மேன் இல்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் எனக்கு இன்றுவரை ஒன்றும் தெரிந்திருக்காது. அதை நினைத்தால் இப்போதும் உடம்பு கொதிக்கிறது.

பெரியம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் யார் என்பது அவருக்கு மறந்துபோய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. "சிஸ்டர், அந்த மூணாம் பெட்டு அம்மாவுக்குத் துணி மாத்தோணும். காலைல இருந்து நனஞ்சு கெடக்கறாங்க. நானும் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்துட்டேன், யாரும் வரல" என்றார். தன்னைக் கட்டிப்போட்டிருப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

முடிச்சை அவிழ்த்தேன். அவர் எழுந்து நேராக மூன்றாம் கட்டிலுக்குப் போனார். ஒரு கையைப் படுத்திருந்த அம்மாவின் தோளுக்கும் மறு கையை இடுப்புக்கும் கொடுத்து, "இப்படித் திரும்பிக்கோங்க கண்ணு, ஒரே நிமிசம்" என்று சொல்லி, எலும்பும் தோலுமான அந்த உடம்பை வலிக்காமல் தன் பக்கம் சாய்த்தார். சொந்த ஊர் மறந்துவிட்டது, தங்கை மகளான என் முகம் மறந்துவிட்டது, காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது மறந்துவிட்டது. கைக்கு மட்டும் வேலை மறக்கவில்லை. நான் நனைந்த விரிப்பை உருவினேன். அந்த அம்மாவின் முதுகுக்குக் கீழே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புண். ஓரமெல்லாம் கறுத்து, சீழ் வைத்து, அருகே நிற்க முடியாத நாற்றம். பெரியம்மா அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, சிறுவயதில் நான் கேட்டுப் பயந்த அதே குரலில், "இது யாரு டூட்டில வந்துச்சு?" என்று கேட்டார்.

பெரியம்மா அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து, வார்டு சிஸ்டராக ஓய்வு பெற்றவர். எங்கள் குடும்பத்தில் மிஷன் பள்ளி விடுதியில் தங்கிப் படித்து வேலைக்குப் போன முதல் பெண். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பள்ளி விடுமுறைகளில் அம்மா கொடுத்தனுப்பும் சாப்பாட்டோடு நான் அவருடைய வார்டுக்குப் போய் நிற்பேன். ஒருமுறை ஒரு பெரிய டாக்டர் மாணவர்கள் புடைசூழ வந்தபோது, பெரியம்மா தடுப்புத் திரைக்கு உள்ளேயிருந்து, "ரெண்டு நிமிசம் வெளிய நில்லுங்க டாக்டர். இந்தம்மா சேல மாத்திக்கறாங்க" என்றார். அந்த அம்மா காந்திபுரம் பஸ் ஸ்டாண்டில் மயங்கிக் கிடந்து, யாரோ கொண்டுவந்து சேர்த்தவர். பேர்கூடத் தெரியாது. அவருக்காக டாக்டர் வெளியே நின்றார். படுக்கைப் புண்ணைப் பற்றிப் பெரியம்மா புதிய நர்ஸுகளிடம் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன்: "அது நோயாளிக்கு வந்த வியாதியில்ல அம்மணி, நமக்கு வந்த வியாதி."

அவருக்கு மறதி தொடங்கியபோது நாங்கள் இருவரும் ஒரே வீட்டில் இருந்தோம். கணவர் இறந்த பிறகு நான் அவரோடு வந்து சேர்ந்திருந்தேன். முதலில் சாவி, கண்ணாடி. பிறகு ஒருநாள் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு டூட்டிக்குப் புறப்பட்டுவிட்டார். சோமனூர் பஸ்ஸில் கடைசி நிறுத்தம்வரை இறங்காமல் உட்கார்ந்திருந்தவரை, கண்டக்டர் கைப்பையில் இருந்த என் நம்பரைப் பார்த்துக் கூப்பிட்டார். அடுத்து, அடுப்பில் கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்தார். நான் பகலெல்லாம் கம்பெனியில். எனக்கு வேறு வழி தெரியவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன். அது முக்கால்வாசி உண்மை. மீதிக் கால்வாசி, நான் களைத்துப்போயிருந்தேன்.

இல்லத்தைப் பார்க்கப் போன அன்று நான் எதைப் பார்த்தேன் என்று யோசித்தால் வெட்கமாக இருக்கிறது. பளபளக்கும் தரையைப் பார்த்தேன். வாசலில் உருளியில் மிதந்த பூக்களைப் பார்த்தேன். மேனேஜர் எழுந்து நின்று கும்பிட்டார். "நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க மேடம், எங்கம்மாவாட்டம் பாத்துக்கறமுங்க" என்றார். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அந்த 'ங்க' போதும்; அதற்கு மேல் எதையும் கேட்கத் தோன்றாது. ஒரு நேரத்தில் எத்தனை பேரை எத்தனை பேர் பார்த்துக்கொள்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் பெரியம்மா தலை வாரி, பவுடர் பூசி, தூக்கக் கலக்கத்தோடு உட்கார்ந்திருப்பார். அமைதியாகிவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்டேன். அந்த அமைதி மாத்திரையால் வந்தது என்பது அந்தப் புதன்கிழமைதான் தெரிந்தது.

மேனேஜர் அப்போதும் கோபப்படவில்லை. "பெரியம்மா மத்தவங்க பெட்டுக்குப் போயிப் போயித் தொந்தரவு பண்றாங்க மேடம். விழுந்துட்டா நாளைக்கு நீங்கதானே எங்கள கேப்பீங்க? அவங்க சேஃப்டிக்குத்தானுங்க அது." மூன்றாம் கட்டில் அம்மாவின் புண்ணைப் பற்றிக் கேட்டேன். "வயசானா வர்றதுதானுங்களே" என்றார். மருந்து எழுதும் டாக்டர் மாதம் ஒருமுறை வருவாராம். என் பெரியம்மாவைப் பற்றிய நோட்டில் 'தொல்லை தருகிறார்' என்றும், ஞாயிறு மதியம் தூக்க மாத்திரை இரண்டு மடங்கு என்றும் எழுதியிருந்தது. நனைந்து கிடந்தவருக்குத் துணி மாற்றப் போனதற்கு அவர்கள் வைத்த பேர் தொல்லை. அந்தக் கட்டடம் முழுவதிலும் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர் ஒரே ஒருவர்தான் இருந்திருக்கிறார். அவரைத்தான் கட்டிப்போட்டிருந்தார்கள்.

கட்டியது யார் என்று தேடிப் பின்கட்டுக்குப் போனேன். ஆனைமலைப் பக்கத்திலிருந்து வந்த ஆயா, துவைக்கும் கல்லருகே விரிப்புகளை அலசிக்கொண்டிருந்தார். அவரை அடித்துவிடும் வேகத்தில்தான் போனேன். அவர் எழுந்து ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டார். "நாந்தானுங்க கட்டினேன். இல்லீன்னு சொல்லலீங்க. இருவத்திரண்டு பேருக்குச் சோறு ஊட்டோணும், கழுவோணும், தொவைக்கோணும். இன்னொருத்தி வேலைய விட்டு நின்னு ஒரு மாசமாச்சுங்க. புண்ணு வந்ததயே உங்க பெரியம்மாதானுங்க மொதல்ல எனக்குக் காட்டினாங்க. நான் மேனேஜர்கிட்டச் சொன்னேன். அதுக்கப்புறந்தானுங்க அவங்களக் கட்டிப்போடச் சொன்னாங்க." சொல்லிவிட்டு மறுபடியும் குனிந்து விரிப்பை எடுத்தார். நின்று பேசக்கூட அவருக்கு நேரம் இல்லை.

அன்றே பெரியம்மாவை வீட்டுக்கு அழைத்து வந்தேன். மூன்றாம் கட்டில் அம்மாவின் மகனைத் தேடிப்பிடித்துப் போனில் சொன்னேன். "சண்ட போட்டா அம்மாவக் கூட்டிட்டுப் போங்கன்னு சொல்லிப்போடுவாங்கங்க. நாங்க எங்க வெச்சுப் பாக்கறது?" என்றார். அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஒரு வாரத்துக்கு முன்னால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அந்த அம்மா அடுத்த மாதமே இறந்துபோனார். நான் எழுத்தில் புகார் கொடுத்தேன். அதிகாரி ஒருவர் ஆய்வுக்குப் போனார்; போகும் தேதியை இல்லத்துக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனார். குறை எதுவும் காணப்படவில்லை என்று பதில் வந்தது. என்னிடம் உண்மையைச் சொன்ன ஆயாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவர் என்ன ஆனார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. புகாரில் அவர் சொன்னதை அப்படியே எழுதியவள் நான். அவருக்கு என்ன நேரும் என்று யோசிக்காமல் எழுதினேன்.

நான் வேலையை விட்டுவிட்டேன். மாத்திரைகளைக் குறைத்ததும் பெரியம்மா நாலைந்து மாதம் நன்றாக நடந்தார். வீட்டில் கட்டில் கட்டிலாகப் பார்த்து விரிப்பைச் சரிசெய்தார். பிறகு நடை நின்றது, பேச்சு நின்றது. சென்ற ஆண்டு மழைக்காலத்தில், நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டார்.

அடக்கம் முடிந்து சில மாதங்களில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்திக்குக் காத்திருந்த கூட்டத்தில் அந்த மேனேஜர் என்னைப் பார்த்துக் கும்பிட்டபடி வந்தார். "பெரியம்மா சௌக்கியமுங்களா மேடம்?"

"செத்துப்போயிட்டாங்க" என்றேன். "நீ கட்டிப்போட்டயே, அவங்கதான். அழுகின புண்ணோட ஒரு அம்மாவப் போட்டு வெச்சிருந்தயே, அவங்களுந்தான்."

பிறந்ததிலிருந்து பெரியவர் யாரையும் நான் ஒருமையில் பேசியதில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். நான் குரலை உயர்த்தவில்லை. பார்த்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். மேனேஜர் சிரிக்கப் பார்த்தார், பிறகு கூட்டத்துக்குள் நழுவினார். கல்யாண வீட்டில் வந்து இப்படியா பேசுவது என்று என் சொந்தக்காரர்களே முகம் சுளித்தார்கள். இலையில் உட்காராமல் வெளியே வந்தேன்.

செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது பட்டுச்சேலை கட்டிய ஒரு பெண் பின்னாலேயே வந்தார். முன்பின் பார்த்ததில்லை. "ஏனுங்க அக்கா, எங்க மாமியார் அங்கதானுங்க இருக்கறாங்க. ஞாயித்துக்கெழம போறப்பல்லாம் தூங்கிட்டேதான் இருப்பாங்க." கைப்பையிலிருந்து கார் சாவியை எடுத்தார். "இப்ப என்கூட வாரீங்களா?"

அவர் காரிலேயே போனோம். இப்போது வாட்ச்மேன் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மூன்றிலிருந்து ஐந்து வரைதான் பார்க்கலாம் என்று பலகையைக் காட்டினார். மேனேஜருக்குப் போன் போட்டார், அவர் எடுக்கவில்லை. அந்தப் பெண் கம்பிக் கேட்டைப் பிடித்துக்கொண்டு, "எங்கத்தையப் பாக்காம நான் போக மாட்டனுங்க" என்று அங்கேயே நின்றார். நானும் நின்றேன். உச்சி வெயில். உள்ளே எங்கேயோ ஒரு வயதான குரல் யாரையோ கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. கால் மணி நேரம் பொறுத்து வாட்ச்மேன், "எனக்குத் தெரியாதுங்க, நீங்களாச்சு" என்று முணுமுணுத்துக்கொண்டே பூட்டைத் திறந்தார். கேட் முழுசாகத் திறப்பதற்குள் அந்தப் பெண் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடினார்.