முழங்காலை மடக்கினால்தான் மனம் அடங்குமாம்!

போன சனிக்கிழமை உப்புவெளியில் ஒரு தியான வகுப்புக்குப் போனேன். எனக்காக அல்ல... மனைவியின் அக்கா றெஜினாவுக்குத் துணையாக.

றெஜினா மச்சாளின் கணவர் இறந்து இன்னும் வருடம் திரும்பவில்லை. அன்று போனதுதான் மச்சாளின் நித்திரை. "நித்திரைக் குளிசையைக் கூட்ட ஏலாது அம்மா. கொஞ்ச நேரம் கண்ணை மூடி மூச்சைக் கவனிச்சுப் பாருங்கோ" என்றாராம் டொக்டர். அதைப் பழகத்தான் இந்த வகுப்பு.

கடற்கரை விடுதி ஒன்றின் மேல்மாடி. ஏசி, ஊதுபத்தி, ஸ்பீக்கரில் கடல் இரைச்சல். ஆம், ஸ்பீக்கரில்! யன்னலுக்கு வெளியே நிஜக் கடல் சும்மா இரைந்துகொண்டிருக்க, கண்ணாடியை இறுக்கச் சாத்தியிருந்தார்கள்.

மாஸ்டர் கொழும்பிலிருந்து வந்தவர். முப்பது வயது இருக்கலாம். எலும்புக்குப் பதில் ரப்பர் வைத்துப் பிறந்தவர் போல, இரண்டு பாதங்களையும் தூக்கித் தொடைமேல் வைத்துக்கொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

மச்சாளுக்கு அறுபது தாண்டிவிட்டது. வலது முழங்காலில் வாதம்.

"தம்பி, எனக்கு நிலத்தில இருக்க ஏலாது. ஒரு கதிரை தாறீங்களோ?"

"கதிரையில இருந்தா சக்தி மேல ஏறாது, அன்ரி. வலியைத் தாண்டினாத்தான் தியானம்."

யாருடைய வலியை யார் தாண்டச் சொல்வது?

மச்சாள் பொல்லாத மரியாதைக்காரி. மறுபேச்சில்லாமல் சம்மணம் கட்டினார். கொஞ்ச நேரத்தில் உதட்டைக் கடித்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது. மாஸ்டருக்கோ பரம சந்தோஷம்!

"நல்லது அன்ரி... உள்ளுக்குள்ள இருக்கிறது வெளிய வருது."

உள்ளுக்குள்ளிருந்து அல்ல ஐயா, முழங்காலிலிருந்து!

எனக்குப் பொறுக்கவில்லை. வெளி விறாந்தையில் கிடந்த பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கி வந்து போட்டேன். மாஸ்டரின் முகம் கறுத்தது. மச்சாள் தயங்கித் தயங்கி ஏறி அமர்ந்தார். பாதங்கள் தரையில், முதுகு சாய்ப்பில், கைகள் மடியில். முகம் மெல்ல இளகியது. மூச்சு நீண்டது. பிறகு... மெல்லிய குறட்டை!

மாதக்கணக்காக நித்திரை காணாத மனுசி. நான் அசையவே பயந்துகொண்டு இருந்தேன்.

மாஸ்டர் என்ன செய்தார் தெரியுமா? நேரே வந்து தோளில் தட்டி எழுப்பினார்.

"அன்ரி, நித்திரை வேற, தியானம் வேற."

மச்சாள் திடுக்கிட்டு விழித்தார். அவர் கோபப்பட்டு நான் அதுவரை கண்டதில்லை.

"அந்த நித்திரைக்காகத்தான் தம்பி நான் வந்தனான்!"

கைப்பையை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார். நானும் பின்னால் போனேன்.

இப்போது பின்னேரங்களில் குசினியில் அடுப்படிக் கதிரையில், இடுப்புக்குச் சின்னத் தலையணை கொடுத்து இருக்கிறார். "மூச்சைப் பாக்கிறன். அவற்ர நினைவு வருது. அழுறன். திரும்பவும் மூச்சைப் பாக்கிறன்" என்கிறார். இரவில் கொஞ்சம் கண்ணயர்கிறாராம். போதாதா?

உடம்பு கத்திக்கொண்டிருக்க, மனம் மட்டும் எப்படி வாய் மூடும்? நோகாமல் இருக்க முடிகிற இடம்தான் ஆசனம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதைச் சொல்ல ஒரு மாஸ்டர் எதற்கு?

அந்த மாஸ்டர் அடுத்ததாக மௌன வகுப்பு நடத்தப் போகிறாராம். நல்ல விஷயம்... முதல் ஆளாக அவரே சேரட்டும்!