ஆறாவது வேலை நாளுக்கு ஒரு பிள்ளை

கேரளத்துப் பள்ளிகளில் ஜூன் மாதம் பள்ளி திறந்த ஆறாவது வேலை நாளில் பிள்ளைகளை எண்ணுவார்கள். அன்றைக்கு எத்தனை தலை இருக்கிறதோ, அதை வைத்துத்தான் அந்த ஆண்டு எத்தனை வகுப்பு, எத்தனை ஆசிரியர் என்பது முடிவாகும். ஏழாவது நாள் யார் வந்தார்கள், யார் வரவில்லை என்பதை ஒருவரும் கேட்க மாட்டார்கள்.

திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு தொடக்கப் பள்ளியில் தமிழ் வழி நாலாம் வகுப்பு என்னுடையது. 1997 ஜூன் 2, திங்கட்கிழமை. 'காலை முதல் மழை. நாலாம் வகுப்பில் ஒரு பிள்ளை குறைவு' என்று நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். அந்த ஒரு பிள்ளை கிடைக்காவிட்டால் வகுப்பைக் கலைத்து, இருக்கிற பிள்ளைகளை மலையாள வகுப்பில் உட்கார்த்திவிட்டு, என்னை எங்காவது தூக்கி அடிப்பார்கள். அப்போது எனக்கு நாற்பத்தொரு வயது.

மறுநாள் மாலை கிள்ளியாற்றங்கரைக்குப் போனேன். அங்கே ஓர் அடுக்குமாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் தகரக் கொட்டகைகளில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த வேலையாட்கள் குடியிருந்தார்கள். எனக்கு முன்பே வேறு பள்ளிக்காரர்கள் குடையும் பையும் தருவதாகச் சொல்லிப் பிள்ளைகளைப் பிடித்துப் போயிருந்தார்கள். மிச்சம் இருந்தவள் ஒருத்திதான். அவள் இடுப்பில் ஒன்றரை வயதுத் தம்பி இருந்தான்.

அவளுடைய அம்மா சித்தாள். தலைச் சுமாட்டைக்கூட எடுக்காமல் நின்று என்னிடம் கேட்டாள்.

"இவ பள்ளிக்கூடத்துக்கு வந்தா இவன யாரு பாப்பா? நீங்க பாப்பியளா டீச்சரம்மா?"

"அவனையும் தூக்கிட்டு வரட்டும். நான் பாத்துக்கிடுதேன்."

"எத்தன நாளைக்கு?"

"எத்தன நாளானாலும்."

வயதைக் கேட்டேன். "எட்டு இருக்கும். இல்லன்னா ஒம்பது. எங்கூர்ல கொளம் ஒடஞ்ச வருசம் பொறந்தா" என்றாள். எட்டு என்றால் மூன்றாம் வகுப்பு. அங்கே எண்ணிக்கை சரியாக இருந்தது. ஒன்பது என்று வைத்து, 1988 மே மாதத்தில் ஒரு தேதியைப் போட்டேன். வீட்டிலேயே படித்தவள் என்றும், நுழைவுத் தேர்வு வைத்தோம் என்றும் தாள் தயாரானது. மண்ணெண்ணெய் அடுப்பு வாங்கிய நாளைக்கூடத் தவறாமல் குறித்து வைக்கிறவள் நான். தெரிந்தே பொய்யாக எழுதிய முதல் தேதி அது.

புதன்கிழமை தம்பியோடு வந்தாள். "ஒண்ணு கொண்டுவரச் சொன்னா ஒண்ணரை கொண்டு வந்திருக்கியளே டீச்சரே" என்று தலைமை ஆசிரியர் சிரித்தார். "நாலாங்கிளாசுக்கு அங்கன்வாடி வந்திருக்குடே!" என்று கடைசி பெஞ்சு கத்தியது. அவள் யாரையும் பார்க்கவில்லை. ஒரு சாக்கை மடித்துத் தம்பியை உட்காரவைத்துவிட்டு சிலேட்டை வாங்கினாள். மத்தியானம் கஞ்சியையும் பயறையும் அவனுக்கு ஊட்டிய பிறகுதான் தான் சாப்பிட்டாள். வெள்ளிக்கிழமை தன் பெயரை எழுதிவிட்டாள். முதல் எழுத்து சாய்ந்திருந்தது. அதற்குக் கீழே தம்பி பெயரையும் எழுதித் தரச் சொன்னாள்.

9ஆம் தேதி, திங்கட்கிழமை, ஆறாவது வேலை நாள். கல்வி அலுவலகத்திலிருந்து வந்தவர் எண்ணி முடிக்கும் வரை தம்பி பள்ளிச் சமையல்கட்டான கஞ்சிப்புரையில் சமையல்கார அம்மாவின் மடியில் இருந்தான். பெயரைக் கூப்பிட்டதும் அவள் எழுந்து, சுவர் அதிர "ஹாஜர்" என்றாள். வகுப்பு தப்பியது.

செவ்வாய்க்கிழமை தலைமை ஆசிரியர் கூப்பிட்டார்.

"டீச்சரே, இனி அந்தப் பொடியன் வேண்டாம் கேட்டோ. கண்ட எடத்துல ஒண்ணுக்கு இருக்கான். மத்த பிள்ளைகளோட வீட்டுக்காரங்க பராதி சொல்லுதாங்க."

"நான் வாக்கு குடுத்திருக்கேன் சார்."

"டீச்சர் குடுத்தது. ஸ்கூல் குடுக்கல்லியே."

நான் வெளியே வந்தேன். பள்ளி விட்டதும் அவளிடம் "நாளைக்குத் தம்பி வேண்டாம். நீ மட்டும் வா" என்றேன். தலையாட்டினாள்.

புதன்கிழமை தனியாக வந்தாள், நனைந்துபோய். வருகைப் பதிவு எடுத்து, வாய்ப்பாடு சொல்லி முடித்து, இரண்டாவது மணி அடித்த பிறகுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது.

"தம்பி எங்கட்டி?"

"கெட்டிப் போட்டிருக்கேன் டீச்சர். கயித்த நீளமாத்தான் விட்டிருக்கேன். அடுப்புக்கு எட்டாது."

"ஆத்துக்கு?"

"எட்டாது. அளந்து பாத்தேன்."

கடைசி பெஞ்சுகூடச் சிரிக்கவில்லை. "ஓடு" என்றேன். "இப்பவே ஓடு." சிலேட்டை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். எடுத்துக்கொள்ளச் சொன்னேன். மறுபடி வா என்று சொல்லவில்லை. அவனை என்ன செய்துவிட்டு வரச் சொல்வது?

அவள் படித்தது ஐந்தரை நாள். எப்போதாவது பதிவேட்டைச் சரிபார்க்க ஆள் வரலாம் என்பதால் பெயரை நீக்க முடியாது. தினமும் காலையில் அவளுக்கும் வருகை போட்டேன். மழை பலத்த நாட்களில் இடையிடையே விடுப்பும் போட்டேன், அப்போதுதான் பார்க்கிறவர்கள் நம்புவார்கள். ஜூலையில் அங்கன்வாடிக்குப் போய்த் தம்பிக்காகக் கேட்டேன். மூன்று வயது ஆகட்டும் என்றார்கள். கொட்டகைக்கு இரண்டு முறை போனேன். இரண்டாவது முறை அவள் என்னைத் தூரத்தில் பார்த்ததும் தம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அப்புறம் நான் போகவில்லை.

1998 மார்ச் கடைசியில் கட்டட வேலை முடிந்தது. கொல்லத்துப் பக்கம் வேலைக்குப் போகிறோம், பள்ளிச் சீட்டு வேண்டும் என்று அம்மாக்காரி இரண்டு பிள்ளைகளோடும் வந்தாள். பதிவேட்டில் உள்ளபடிதானே எழுத முடியும். நாலாம் வகுப்புத் தேர்ச்சி, ஐந்தாம் வகுப்புக்குத் தகுதி, நன்னடத்தை.

"பாஸா? நெசமாவா டீச்சரம்மா?" என்று அம்மாக்காரி தாளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு மகள் பக்கம் திரும்பி, "பாத்தியாட்டி, ஒன்ன பாஸாக்கிட்டாங்க. கும்புடு" என்றாள்.

தம்பி இடுப்பில் இருந்ததால் அவளால் இரண்டு கையையும் சேர்க்க முடியவில்லை. ஒரு கையை மட்டும் தூக்கினாள். அவளுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிந்தது.

2002 டிசம்பரில், ஆறு முதல் பதினான்கு வயது வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் கல்வி அடிப்படை உரிமை என்று அரசியல் சட்டத்தைத் திருத்தினார்கள். செய்தியைக் கத்தரித்து ஒட்டிவிட்டு, பழைய நாட்குறிப்பை எடுத்தேன். நான் போட்ட தேதிப்படி அந்த மே மாதமே அவளுக்குப் பதினான்கு முடிந்திருந்தது. எட்டு என்று எழுதியிருந்தால் இன்னும் ஐந்து மாதம் மிச்சம் இருந்திருக்கும். இருந்தும் பயனில்லை. அந்த உரிமையை நடைமுறைப்படுத்தும் சட்டம் வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. அதுவும் போக, நாலாம் வகுப்பு தேறியவளைப் படிக்காத பிள்ளை என்று யார் தேடுவார்கள்?

2003 ஜூனில் மறுபடியும் ஒரு பிள்ளை குறைந்தது. ஆறாவது வேலை நாளுக்கு முன்பு கொட்டகை கொட்டகையாக ஏறி இறங்கினேன். கைக்குழந்தை இருந்த வீடுகளுக்குள் மட்டும் போகவில்லை.