றோசலின் அக்கா நிரப்பிய தோட்டாக்கள்

செவ்வாய்க்கிழமை காலை பத்து நாற்பதுக்குக் கிளிபோட் அத்தான் அழைத்தார். "மலர், அக்கா போயிட்டா" என்றார். பிறம்ரன் நகரக் களஞ்சியத்தில், வேலை நேரத்தில், மாரடைப்பு. அக்காவுக்கு ஐம்பத்திரண்டு வயது.

மரண அறிவித்தலுக்கு நாலு வரி கேட்டார்கள். அன்பு மனைவி, பாசமிகு சகோதரி என்று எழுதிக் கொடுத்தேன். அந்த வரிகளில் அக்கா இல்லை. அவள், மூஸ் என்ற பெரிய மானை வேட்டையாடப் போகும் கணவனுக்குத் தன் கையால் தோட்டா நிரப்பிக் கொடுத்தவள்.

ஈயக் குண்டு இறைச்சிக்குள் துகளாகச் சிதறும் என்று எங்கோ வாசித்திருந்தாள். அத்தான் கொண்டுவரும் இறைச்சியை ஏழு வீட்டுப் பிள்ளைகள் சாப்பிடுவார்கள். அதன்பிறகு அவர்களுடைய மோர்னிங்சைட் வீட்டு நிலவறையில் செம்புக் குண்டுதான். செம்பு ஈயத்தைவிட இலேசு. அதே பாரம் வேண்டுமென்றால் குண்டு நீளும், தோட்டாவின் உறையான கோதுக்குள் வெடிமருந்தின் இடத்தையும் பிடிக்கும். அத்தானின் றைபிளுக்குச் சுண்டுவிரல் பருமனில் குண்டு. ஒவ்வொரு கோதுக்கும் மருந்தைத் தராசில் நிறுத்தே போடுவாள். அப்போது நாங்கள் யாரும் வாய் திறக்கமாட்டோம்.

மூன்று வருடங்களுக்கு முன், நெடுநாள் காத்திருந்து அத்தானுக்கு மூஸ் சுட அனுமதி கிடைத்தது. புறப்படுவதற்கு முதல்நாள் பின்னேரம் அக்கா இருபது தோட்டா நிரப்பிக்கொண்டிருந்தாள். சச்சிதானந்தன் அங்கிளும் குணவதி அன்ரியும் மகளின் கல்யாண அழைப்பிதழோடு வந்துவிட்டார்கள். எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்காமல் முடியுமா? வாங்கினாள், தேநீரும் கொடுத்தாள், திரும்பி வந்து மிச்சத்தை முடித்தாள்.

பிறகு சந்தேகம் வந்து எல்லாவற்றையும் தராசில் வைத்து நிறுத்துப் பார்த்தாள். ஒன்று இலேசாக இருந்தது. உள்ளே மருந்தே இல்லை.

"இருபதையும் கழட்டப்போறன்."

"உனக்கென்ன விசரே? அந்த ஒண்டைக் கழட்டு" என்றார் அத்தான்.

"நான் பிசகினது அந்த ஒண்டில மட்டுந்தான் எண்டு ஆர் சொன்னது? மருந்தில்லாத குண்டு ஒண்டு குழலுக்குள்ள இறுகினா, அடுத்ததைச் சுடேக்க உங்கட முகம் மிஞ்சாது."

"தோட்டா இல்லாமல் போனா, இறைச்சிக்கு வாற பொடியள் சிரிக்கப்போறாங்கள், அக்காவின்ர தோட்டாக் கடை பூட்டோ எண்டு."

"சிரிக்கட்டும். நீங்கள் முழுசா வாங்கோ."

இருபதையும் கழற்றினாள். புறப்படும் நேரத்துக்கு ஆறுதான் திரும்ப நிரப்ப முடிந்தது. ஆறையும் அத்தானின் உள்ளங்கையில் வைத்தாள். "இது காணாட்டி, மிச்சத்துக்குக் கல்லால எறியுங்கோ."

நாலாம் நாள் அத்தான் ஐந்து தோட்டாவோடு திரும்பினார். ஒரே வெடியில் மூஸ் விழுந்திருந்தது. கடை பூட்டோ என்று கேட்கக் காத்திருந்தவர்கள் இறைச்சி வாங்க வந்தபோது, அக்கா கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தாள். அவ்வளவு பெருமையாக நான் யாரையும் பார்த்ததில்லை.

அதற்குப் பிறகு, மருந்து போடாத கோதை அவள் பலகையில் தலைகீழாகக் கவிழ்த்தே வைப்பாள். மருந்து போட்டதுதான் நிமிர்ந்து நிற்கும்.

இந்த வருடமும் அத்தானுக்கு அனுமதி கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை அக்கா தொடங்கிய இருபதில் பதினைந்து முடிந்து பெட்டியில் இருக்கின்றன. ஐந்து கோதுகள் பலகையில் கவிழ்ந்து நிற்கின்றன.