சாரலில் முடிந்த உள்நாட்டுப் போர்

அமெரிக்க உள்நாட்டுப் போர் நான்கு ஆண்டுகள் நடந்தது. நான் அதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவேன். தென்காசியில் ஒரு கல்லூரியில் வரலாற்று ஆசிரியராக இருந்த காலம் முழுவதும் இதுதான் என் வழக்கம். குற்றம் என்னுடையது. பாடத்திட்டம் வகுத்தவர்களுக்கும் கொஞ்சம் பங்கு கொடுக்கலாம். ஜூனில் கல்லூரி திறந்து, குடியேற்றம், விடுதலை, அரசியல் சட்டம் என்று வரிசையாக நடத்திக்கொண்டு வந்தால், அடிமைமுறையும் போரும் சரியாகக் குற்றாலத்தில் தண்ணீர் கொட்டும் நாட்களில் வந்து நிற்கும்.

காலையில் மலையில் மேகம் இறங்கிவிட்டால் வகுப்பில் பாதிப் பேர் இருக்க மாட்டார்கள். இருப்பவர்கள் பையில் துண்டு இருக்கும். என் பையிலும்தான். "வடக்கு ஜெயிச்சுது, அடிமைகளுக்கு விடுதலை கெடச்சுது. மிச்சத்தக் கைடுல பாத்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டு, வராதவர்களையும் வந்ததாகப் பதிந்துவிடுவேன். பையன்கள் என்னைத் தங்கமான சார் என்றார்கள். ஐந்தருவியில் நெரிசலை விலக்கி எனக்கு இடம் பிடித்துக் கொடுத்ததும் அவர்கள்தான்.

ஒரு வருடம், புளியங்குடியிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு மாணவி எழுந்து நின்றாள். அவளுடைய அப்பா இன்னொருவரின் எலுமிச்சைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவர்.

"சார், விடுதலையானவங்களுக்கு நெலம் ஏதும் குடுத்தாங்களா? இல்ல, திரும்பவும் அதே தோட்டத்துலதான் வேல பாத்தாங்களா?"

அதற்குள் நான் வாசலுக்கு வந்திருந்தேன். துண்டும் தோளுக்கு வந்திருந்தது. "அது சிலபஸ்ல இல்லம்மா" என்றேன். உண்மையில் எனக்குத் தெரியாது. பின்னாலிருந்து ஒருவன், "ஏட்டி, தண்ணி விழுதப்பதான் ஒனக்குக் கேள்வி வருமா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் உட்கார்ந்துவிட்டாள்.

அருவிக்கடியில் நின்றபோதும் அது நினைவில்லை. வீட்டுக்கு வந்து துண்டைக் காயப்போடும்போதுதான் அவள் முகம் வந்தது. மறுநாள் படித்துவிட்டுப் போய்ச் சொல்லியிருக்கலாம். மறுநாளும் தண்ணீர் நன்றாக விழுந்தது.

நான் ஓய்வு பெற்றுப் பல வருடங்கள் கழித்து, இந்த ஆண்டு சாரல் தொடங்கியதும், அன்று கேள்வி கேட்ட அந்த மாணவியிடமிருந்து போன் வந்தது. இப்போது அவர் அதே கல்லூரியில் வரலாற்றுத் துறைத் தலைவர். உள்நாட்டுப் போரை மட்டும் ஒரு வகுப்பு வந்து எடுக்க வேண்டும் என்றார். எதற்கென்று நான் கேட்கவில்லை. வேலையில் இருந்தபோது படிக்காத அளவுக்கு உட்கார்ந்து படித்தேன். பாடத்தைவிட, அவரிடம் அன்று சொன்ன பொய்யை எப்படி ஒப்புக்கொள்வது என்பதுதான் பயமாக இருந்தது.

வகுப்பு நிறைந்திருந்தது. அவர் கதவோரமாகக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்ததால் யாரும் நழுவ முடியவில்லை. ஜன்னலுக்கு வெளியே மலையே தெரியாத அளவுக்கு மேகம். போரை முழுதாக நடத்திவிட்டு நிலத்துக்கு வந்தேன். கடலோரத்தில் சில இடங்களில் நிலம் ஒதுக்கினார்கள், விடுதலையானவர்கள் உழுது விதைத்தும் விட்டார்கள், போர் முடிந்த அதே ஆண்டில் பெரும்பகுதியைப் பழைய முதலாளிகளுக்கே திருப்பிக் கொடுக்க உத்தரவு வந்தது, பிறகு பலர் அதே மண்ணில் வாரத்துக்கு உழுதார்கள் என்றேன். வாரம் என்றால் விளைச்சலில் முதலாளிக்குப் பங்கு கொடுப்பது என்று அந்த வகுப்பில் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கடைசி பெஞ்சைப் பார்த்தேன். "இதே கேள்விய இந்த ரூம்ல ஒருத்தங்க எங்கிட்ட கேட்டாங்க. சிலபஸ்ல இல்லன்னு சொன்னேன். அது பொய். எனக்குத் தெரியாது. அன்னைக்குக் குளிக்கவும் போக வேண்டியிருந்துச்சு."

"தெரியும் சார். தோள்ல துண்டு கெடந்துச்சுல்லா" என்றார் அவர்.

சிரிப்பு அடங்க நேரமானது. இந்த முறை அவரும் சிரித்தார். அது ஓய்ந்ததும் ஒரு மாணவன், நிலத்தைப் பிடுங்கியபோது அவர்கள் சும்மாவா விட்டார்கள் என்று கேட்டான். எனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். அதைச் சொல்லி, படித்துவிட்டு நாளைக்கு வருகிறேன் என்றேன்.

"நாளைக்குமா சார்?" என்று ஜன்னலோரத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

மறுநாளும் தண்ணீர் நன்றாக விழுந்தது. நான் கல்லூரிக்குப் போனேன். வகுப்பு முடிந்த பிறகுதான் துண்டை வெளியே எடுத்தேன்.