என் கையும் பெரிய சிலிண்டரும்

என் கையில் பலமில்லை என்று கவரைப்பேட்டை மெக்கானிக் சொன்னபோது நான் அவருக்கு எதிரில்தான் நின்றிருந்தேன். ஆனால் அவர் அதை என் கணவரிடம் சொன்னார்.

வண்டி என்னுடையது. கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. செகண்ட் ஹேண்ட் என்றாலும் பெரிய பைக். கேபிள் இல்லாத, ஆயில் கிளட்ச். ஹேண்டில்பாரில் லீவரை ஒட்டி மாஸ்டர் சிலிண்டர் இருக்கும். லீவரைப் பிடித்தால் அதற்குள் இருக்கும் பிஸ்டன் ஆயிலைத் தள்ளும்; அந்த அழுத்தத்தில் கீழே கிளட்ச் விடுபடும். அந்த சிலிண்டர் கசிய ஆரம்பித்ததால் மாற்றக் கொடுத்திருந்தேன். மாற்றிய பிறகு லீவர் கல் மாதிரி இருந்தது.

"நல்லா பெருசா பார்த்துப் போட்டிருக்கேண்ணே. அக்காவுக்குத்தான் கைல தெம்பு இல்ல. பேசாம ஒரு ஸ்கூட்டர் வாங்கிக் குடுத்துடுண்ணே."

என் கணவர் ஒருமுறை லீவரைப் பிடித்துப் பார்த்தார். "நல்லாத்தான் கீது," என்றார்.

தேர்வாய் கண்டிகை கம்பெனியில் ஷிப்ட் முழுக்கப் பெட்டி தூக்கி அடுக்குகிற கை இது. அந்தக் கைக்குத் தெம்பில்லையாம். "முன்னாடி ரெண்டு விரல்ல புடிப்பேன்," என்றேன். "போகப் போகப் பழகிடும்க்கா," என்று அவர் அடுத்த வண்டிக்குப் போய்விட்டார்.

பழகவில்லை. ஒருநாள் ஷிப்ட் முடிந்து திரும்பும்போது பின்னால் என்னோடு வேலை செய்யும் தோழி உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு டிரெய்லர் லாரி நகர்வதும் நிற்பதுமாக இருந்தது. கிளட்சைப் பிடித்துப் பிடித்து விரல்கள் மரத்துவிட்டன. கியரில் நின்றிருந்தபோது லீவர் கையிலிருந்து நழுவியது. வண்டி ஒரே எட்டாகப் பாய்ந்து லாரியின் பின்பக்கம் மோதியது. எனக்கு முட்டியில் சிராய்ப்பு. கீழே விழுந்த அவளுக்கு மணிக்கட்டு முறிந்துவிட்டது.

"ஸ்கூட்டர் வாங்குன்னு அப்பவே சொன்னாங்க இல்ல?" என்றார் கணவர்.

சாவியை அவர் கையில் வைத்தேன். "ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் நீயே ஓட்டிக்கினு போய்ட்டு வா."

போய்விட்டு வந்தவர் இடது கையை உதறிக்கொண்டே இறங்கினார். "கொஞ்சம் டைட்டாத்தான் கீது."

"அன்னைக்கே தெரிஞ்சுதா, இல்லியா?"

"அத்தினி பேர் எதிர்ல எனக்கு கை வலிக்குதுன்னா சொல்லச் சொல்ற?"

மெக்கானிக் மீது வந்ததைவிட அதிகமான ஆத்திரம் அப்போதுதான் வந்தது. இவருடைய மானத்துக்கு அவள் மணிக்கட்டா?

மறுநாள் தனியாகக் கடைக்குப் போனேன். "என் பழைய சிலிண்டர எடுங்க," என்றேன். கழித்த சாமான்களைப் போடும் பெட்டியிலேயே அது கிடந்தது. அழுக்கைத் துடைத்ததும் உடம்பில் பதினாலு என்ற எண் தெரிந்தது. வண்டியில் இருந்ததில் பதினேழு. உள்ளே இருக்கும் பிஸ்டனின் அகலம், எம்.எம். கணக்கில்.

"பெருசா இருந்தா நல்லதுதானேக்கா?"

"பிஸ்டன் பெருசானா ஒரே அழுத்துல நெறைய ஆயில் போவும். அதைத் தள்றது யாரு? என் கை. கீழ இருக்கிறது பழைய கிளட்ச் செட்டுதானே? அதுக்கு ஏத்ததுதானே மேல இருக்கணும்? பதினாலே போடுங்க."

அவர் முகத்தைத் தூக்கிக்கொண்டு, கடையில் இருந்த பன்னிரண்டு எம்.எம். ஒன்றை மாட்டினார். லீவர் வெண்ணெய் மாதிரி இறங்கியது. ஆனால் முழுக்கப் பிடித்தாலும் கிளட்ச் முழுதாக விடுபடவில்லை. தள்ளுகிற ஆயில் பத்தவில்லை. கியர் போட்டு லீவரைப் பிடித்தபடியே நின்றால் வண்டி தானாக ஊர்ந்தது. நியூட்ரல் விழவே இல்லை.

"சின்னது கேட்டீங்களேக்கா, இப்ப இன்னா?" என்று சிரித்தார்.

"நான் சின்னது கேக்கல. பதினாலு கேட்டேன். பெருசும் வேணாம், சின்னதும் வேணாம். இதுல இருந்த நம்பர்தான் வேணும். இதுகூடப் படிக்காமத்தான் ஒருத்தி கையை ஒடச்சிட்டீங்க." கடையே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். கத்தியதற்கு இன்றுவரை வருத்தமில்லை.

பதினாலு எம்.எம். சென்னையிலிருந்து வந்தது. மாட்டியதும் இரண்டே விரலில் கிளட்ச் இறங்கியது, நியூட்ரல் சுலபமாக விழுந்தது. வேலை முடிந்ததும் அந்த மனிதர் மன்னிப்புக் கேட்கவில்லை. "அண்ணனை ஒருவாட்டி வந்து ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்க," என்றார்.

மாவுக்கட்டு பிரித்த பிறகு தோழி வேலைக்குத் திரும்பினாள். வண்டி சரியாகிவிட்டது, வா என்று கூப்பிட்டேன்.

"உன் மேல கோவம் இல்ல. பின்னாடி உக்காரத்தான் பயமா கீது," என்று கம்பெனி பஸ்ஸில் ஏறிக்கொண்டாள். நான் அந்த பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தேன், அந்த இரண்டு ஆண்களையும் நினைத்துப் பல்லைக் கடித்தபடி.